பட்டுக்கு முன் திணறும் கணினி

2007-ஆம் ஆண்டுக்கான 55-ஆவது தேசியத் திரைப்பட விருதுப் பட்டியலில் இரண்டு தமிழ்ப் படங்கள் சேர்ந்து நின்றதை அன்று யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. சிறந்த படம், பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’. மகளின் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை நெய்துவிட வேண்டும் என்ற ஆசையில், முதலாளியின் பட்டிழையைத் தினமும் வாய்க்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவரும் ஒரு கூலி நெசவாளியின் கதை அது. பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகர் ஆனார். சிறந்த ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் விருது ஷங்கரின் ‘சிவாஜி’க்குப் போனது.

‘ஒரு கூடை சன்லைட்’ பாடலில் ரஜினிகாந்தை வெள்ளைக்காரர்போல மாற்றிக் காட்டியதை யாரும் மறந்திருக்க முடியாது. மேக்கப் என்றுதான் பலர் நினைத்தார்கள். ரஜினி ஆடிய காட்சிகளை, அதே இடத்தில், அதே ஒளியில் ஓர் ஐரோப்பியப் பெண்ணை வைத்து மறுபடி படம்பிடித்தார்கள். அந்தப் பெண்ணின் தோல் நிறத்தைக் கணினியில் பிரித்தெடுத்து ரஜினியின் முகத்திலும் கைகளிலும் ஃபிரேம் ஃபிரேமாகப் படியவைத்தது, வி.சீனிவாஸ் மோகன் தலைமையிலான ‘இந்தியன் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ குழு. சில நிமிடப் பாடலுக்குப் பல மாத உழைப்பு. கறுப்பை வெள்ளையாக்கிப் பார்க்கும் ஆசையைப் பற்றிக் கேள்வி கேட்க நிறைய உண்டு. அந்தக் கைவேலையின் நுணுக்கத்தைப் பற்றிக் கேள்வியே இல்லை.

ஒரு படம் தறியைப் பற்றியது, இன்னொரு படம் கணினியால் பேசப்பட்டது. இரண்டுக்கும் உறவே இல்லை என்று தோன்றும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஏதாவது ஒரு தறிக்கூடத்துக்குள் நுழைந்து, நெசவாளியின் தலைக்கு மேலே தொங்கும் அட்டைச் சரத்தை அண்ணாந்து பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது.

துளை போட்ட அட்டை

புடவைக்கு டிசைன் போடுபவர் முதலில் எடுப்பது கட்டத்தாள். நெடுக்கு வரிசை பாவு, குறுக்கு வரிசை ஊடை. யாளியோ, அன்னபட்சியோ, மல்லிமொக்கோ, எதுவானாலும் கட்டம் கட்டமாக நிரப்பித்தான் வரைய வேண்டும். நிரப்பிய கட்டத்தில் ஜரிகை மேலே தெரியும். வெறும் கட்டத்தில் பட்டு. அன்னத்தின் கழுத்து வளைவை நேர்க்கோட்டுக் கட்டங்களுக்குள் கொண்டுவருவதில்தான் டிசைனரின் கை தெரியும். ஒரு கட்டம் தள்ளிப்போனாலும் நெய்த புடவையில் கழுத்து முறிந்துவிடும்.

வரைந்து முடித்ததும் ஒவ்வொரு குறுக்கு வரிக்கும் ஓர் அட்டை. நிரப்பிய கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். நெசவாளி காலால் மிதிக்கும்போது பெட்டியில் உள்ள ஊசிகள் அட்டையில் போய் முட்டும். துளை இருந்தால் ஊசி உள்ளே நுழையும், அதோடு சேர்ந்த கொக்கி தன் பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாவிட்டால் அந்த இழை கிடந்த இடத்திலேயே கிடக்கும். உண்டு, இல்லை என்ற இரண்டே விடைகளால் புடவையில் யானை நடக்கிறது.

இந்தப் பெட்டி வருவதற்கு முன்பும் காஞ்சியில் உருவங்கள் நெய்தார்கள். ‘அடை’ கட்டி நெய்வது என்று அதற்குப் பெயர். உருவத்துக்கு வேண்டிய இழைகளை முன்கூட்டியே நூலால் கட்டிவைத்து, துணைக்கு நிற்பவர் வரிசை தவறாமல் தூக்கிக்கொடுக்க, நெசவாளி நாடாவை ஓட்டுவார். வரிசை முழுக்க மனிதரின் நினைவில் இருந்தது. அந்த நினைவை அட்டைக்கு மாற்றிக்கொடுத்தவர் பிரான்சின் லியோன் நகரத்துக்காரர் ஜோசஃப் மரி ஜக்கார்டு. அவரது இயந்திரம் 1804-இல் வந்தது.

ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்து 1839-இல் லியோன் நெசவாளர்கள் உலகத்துக்குக் காட்டினார்கள். அந்த ஒரு படத்துக்கு 24,000 அட்டைகள். தூரத்தில் இருந்து பார்த்தவர்கள் அதைச் செதுக்கோவிய அச்சு என்றே எண்ணினார்கள். இங்கிலாந்தின் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் அதில் ஒன்றை வாங்கி வீட்டில் மாட்டி, வந்த விருந்தினரிடமெல்லாம் காட்டினார். தான் கனவு கண்ட கணக்கிடும் இயந்திரத்துக்கு இதே துளை அட்டையால்தான் கட்டளை கொடுக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். அந்த இயந்திரத்தைப் பற்றி 1843-இல் எழுதிய அடா லவ்லேஸ், ஜக்கார்டு தறி பூவும் இலையும் நெய்வதைப்போல இது இயற்கணித வடிவங்களை நெய்யும் என்ற பொருளில் எழுதினார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் துளை அட்டையால் எண்ணினார். கணினிகள் பல பத்தாண்டுகளுக்கு அந்த அட்டையையே உணவாக உண்டு வளர்ந்தன.

ஆகவே கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் என்பது நெசவுக்கு அந்நியமான ஏதோ ஒன்று என்று காஞ்சிபுரத்துக்காரர் யாரும் எண்ண வேண்டியதில்லை. தியேட்டரில் ஓடும் 2கே படத்தின் ஒரு ஃபிரேமில் நெடுக்காக 1,080, குறுக்காக 2,048 கட்டங்கள். பெருக்கினால் 22 லட்சம் புள்ளிகள். 4கே என்றால் 88 லட்சம். நொடிக்கு 24 ஃபிரேம். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 2,16,000 ஃபிரேம்கள். அத்தனை புள்ளிக்கும் யாரோ ஒருவர், எங்கேயோ ஓரிடத்தில், கணக்குச் சொல்லியாக வேண்டும்.

இந்த உறவு இன்று இரு பக்கமும் ஓடுகிறது. காஞ்சியில் டிசைன்கள் இப்போது கணினியில் வரையப்படுகின்றன. அட்டைக்குப் பதிலாக மின்னணு ஜக்கார்டு பூட்டிய தறிகளும் வந்துவிட்டன. ராஜா ரவி வர்மாவின் 11 ஓவியங்களை நெய்து சென்னை சில்க்ஸ் 2008 ஜனவரியில் 39,31,627 ரூபாய்க்கு விற்ற பட்டுப்புடவை, உலகின் மிக விலை உயர்ந்த புடவையாகக் கின்னஸில் ஏறியது. ஓவியரின் தூரிகைத் தடத்தைக் கட்டங்களாக்கி, கட்டங்களை இழைகளாக்கிய வேலை அது.

கொசுவமும் கணக்கும்

தறியில் இருந்து பிறந்த கணினியிடம், தறியில் நெய்த பட்டைத் திரையில் உருவாக்கச் சொன்னால் திணறுகிறது. டைனோசர் வந்துவிட்டது, புலி வந்துவிட்டது, ஈகூட வந்துவிட்டது. நிஜப் பட்டுப்புடவை கட்டிய பெண்ணொருத்தி கணினிக்குள்ளேயே பிறந்து நடந்து வருவது இன்னும் மிகக் கடினமான வேலைகளில் ஒன்றாகவே இருக்கிறது.

காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கணினிக்குத் துணி என்பது முதலில் புள்ளிகளால் ஆன ஒரு வலை. ஒவ்வொரு புள்ளிக்கும் எடை உண்டு. பக்கத்துப் புள்ளிகளோடு அதைச் சுருள்வில்கள் பிணைத்திருப்பதாகக் கணினி எடுத்துக்கொள்கிறது. நெடுக்கிலும் குறுக்கிலும் இழுபடாமல் தடுக்க ஒரு வகை வில், கோணலாகச் சாயாமல் தடுக்க ஒரு வகை, மடிவதைத் தடுக்க இன்னொரு வகை. புவியீர்ப்பு, காற்று, உடம்பின் அசைவு எல்லாவற்றையும் சேர்த்து, அடுத்த கணத்தில் ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கும் என்று கணக்குப் போடுகிறது. கணக்கில் சிறு பிழை புகுந்தாலும் துணி வெடித்துச் சிதறியதுபோலத் திரையெங்கும் பறக்கும். 1998-இல் டேவிட் பராஃப், ஆண்ட்ரூ விட்கின் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் கணக்கைப் பெரிய இடைவெளிகளில் போட்டாலும் துணி சிதறாதிருக்க வழி கண்டார்கள். 2001-இல் வெளிவந்த பிக்ஸாரின் ‘மான்ஸ்டர்ஸ், இன்க்.’ படத்தில் ஒரு குட்டிப் பெண் தொளதொளவென்று சட்டை போட்டுக்கொண்டு ஓடுவாளே, அது உலகமே வியந்த சாதனை.

ஒரு பருத்திச் சட்டைக்கே அந்தப் பாடு. காஞ்சிப் பட்டில் ஒரே துணிக்குள் பல துணிகள் இருக்கின்றன. உடல் பகுதி ஒரு கனம், ஜரிகை ஓடிய கரை வேறு கனம், முந்தி அதைவிடக் கனம். முறுக்கேற்றிய பட்டிழை என்பதால் மடிப்பு குழைந்து விழாது, நின்று பேசும். கொசுவத்தில் ஏழெட்டு அடுக்குகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே நகரும். எந்த அடுக்கும் எந்த அடுக்கையும் ஊடுருவிவிடாமல் கணினி ஒவ்வொரு கணமும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். தோளில் குத்திய முந்தி வீசி நடக்கையில் அதன் எடை புடவையின் மறுமுனைவரை இழுக்கும்.

நிறம் அடுத்த சோதனை. மயில்கழுத்து நிறப் புடவையில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். பார்க்கும் கோணம் மாறினால் நீலம் பச்சையாகும், பச்சை நீலமாகும். சுவருக்குப் பூசுவதுபோல ஒரு நிறத்தைக் கணினியில் பூசிவிட்டால் அந்த விளையாட்டு செத்துவிடும். ஒவ்வொரு இழையும் தான் ஓடும் திசையைப் பொறுத்து ஒளியை எப்படித் திருப்பும் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஜரிகை இன்னும் பிடிவாதக்காரி. பட்டு நூலைச் சுற்றித் தட்டையான வெள்ளிக் கம்பி, அதன் மேல் தங்கப் பூச்சு. கம்பியின் ஒவ்வொரு சுற்றும் ஒரு குட்டிக் கண்ணாடி. தூரத்துக் காட்சியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும்போது, அந்தப் புள்ளி ஒரு ஃபிரேமில் மின்னி அடுத்த ஃபிரேமில் அணைந்து கண்ணை உறுத்தும்.

2014 மே 23 அன்று வெளியான ‘கோச்சடையான்’ இந்தச் சிரமங்களை எல்லாம் ஒரே நேரத்தில் சந்தித்த படம். நடிகர்களின் உடல் அசைவைக் கருவிகளால் பதிவுசெய்து முழுப் படத்தையும் கணினிக்குள் உருவாக்கிய முதல் இந்திய முயற்சி. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கினார். உருவங்கள் பொம்மைபோல இருப்பதாக விமர்சனங்கள் வந்தன. ஹாலிவுட் ஒரு படத்துக்குக் கொட்டும் காசிலும் காலத்திலும் ஒரு சிறு பங்கை வைத்துக்கொண்டு அரசர் கால ஆடை, அணிகலன், முகம், கூட்டம் அனைத்தையும் தொட்ட அந்தத் துணிச்சலுக்கு உரிய மதிப்பை நாம் கொடுக்கவில்லை என்றே தோன்றுகிறது.

நிஜப் புடவை கட்டி நிஜ நடிகை நின்றாலும் பிரச்சினை தீராது. பின்னணியைக் கணினியில் மாற்றுவதற்காகப் பச்சைத் திரைக்கு முன் நிறுத்தி எடுக்கும் காட்சியில் கிளிப்பச்சைப் பட்டு கட்டினால், திரையோடு சேர்ந்து புடவையும் மறைந்துபோகும். அப்போது நீலத் திரை. நெருக்கமாகக் கட்டம் போட்ட புடவையைச் சில தூரங்களில் டிஜிட்டல் கேமரா எடுத்தால், புடவையில் இல்லாத அலைக்கோடுகள் படத்தில் நெளியும். புடவையின் கட்டமும் கேமராவுக்குள் இருக்கும் சென்சாரின் கட்டமும் மோதிக்கொள்வதன் விளைவு அது. அதனால்தான் அனுபவமுள்ள ஒளிப்பதிவாளர்கள் படப்பிடிப்புக்கு முன்பே புடவையைக் கேமராவில் காட்டிப் பார்த்துவிடுகிறார்கள்.

கோபுரத்தை எடுத்துவிட்டால் தெரியும் காஞ்சி

தமிழ்ச் சினிமாவின் தந்திரக் காட்சிகளுக்கு வயது அதிகம். 1940-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் வந்தார். அந்தக் காலத்து இரட்டை வேடத்துக்கு வழி எளிது. லென்ஸின் பாதியை மறைத்து ஒருவரை எடு, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்று, மறுபாதியை மறைத்து மற்றவரை எடு. இரண்டு பாதியும் சேரும் கோடு தெரியக்கூடாது என்பதுதான் பாடு. காஞ்சியில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, வரிக்கு வரி ஒன்றோடொன்று கோத்துச் சேர்க்கும் கோர்வையின் கவலையும் இதுவே. இழுத்தாலும் கரை பிரியக்கூடாது. 1957-இல் ‘மாயாபஜார்’ படத்தில் மார்கஸ் பார்ட்லி செய்த கேமரா வித்தைகளை இன்று பார்த்தாலும் கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை.

கணினி நம் சினிமாவுக்குள் உரக்க நுழைந்தது 1994-இல், ‘காதலன்’ படத்தின் ‘முக்காலா முக்காபுலா’ வழியாக. தலையும் கைகளும் மறைந்து, தொப்பியும் உடையும் மட்டும் ஆடின. எஸ்.டி.வெங்கி அதற்குத் தேசிய விருது வாங்கினார். அடுத்து பிரியதர்ஷனின் ‘காலாபானி’, பிறகு ‘இந்தியன்’, ‘ஜீன்ஸ்’ என்று விருதுகள் தொடர்ந்தன. ‘எந்திரன்’, ‘பாகுபலி’ வரை வந்த கதை எல்லோரும் அறிந்தது. ‘காஞ்சிவரம்’ படத்துக்கு நெசவாளர் தெருக்களை உருவாக்கிய கலை இயக்குநர் சாபு சிரில்தான் அந்த இரண்டு பிரம்மாண்டங்களுக்கும் அரங்கம் அமைத்தார் என்பது மட்டும் அதிகம் பேர் அறியாதது. மரமும் மண்ணும் தெரிந்த கை இல்லாமல் கணினி நகரங்கள் எழும்புவதில்லை.

சரி, பழைய காஞ்சியைத் திரையில் எழுப்ப வேண்டும் என்று ஒரு இயக்குநர் வந்தால்?

ஊருக்குள் நுழையும்போதே கண்ணில் படுவது ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரம். அதைக் கிருஷ்ணதேவராயர் கட்டியது 1509-இல். சோழர் கதைக்கோ பல்லவர் கதைக்கோ அந்தக் கோபுரம் ஆகாது, கணினியில் அழித்துவிட வேண்டும். நகரத்தின் வான்கோட்டில் இன்று நாம் காஞ்சி என்று அடையாளம் காணும் பெரும்பகுதியும் அதோடு போய்விடும். போதிதர்மரைக் காஞ்சியில் இருந்து புறப்பட்ட பல்லவ இளவரசராகக் காட்டிய ‘7ஆம் அறிவு’ போன்ற கதையானாலும், என்றாவது ஒருநாள் எடுக்கப்பட வேண்டிய ‘சிவகாமியின் சபதம்’ நாவலானாலும், நிலைமை இன்னும் கடினம். அந்த நாவலின் நரசிம்மவர்மப் பல்லவனிடம் வாதாபி வீழ்ந்தது 642-ஐ ஒட்டி. கைலாசநாதர் கோயிலை ராஜசிம்மன் எழுப்பியது 700-ஐ ஒட்டி. ஆகவே நரசிம்மவர்மனின் காஞ்சியில் நாம் பெருமையோடு காட்டும் அந்த மணற்கல் கோயிலும் இருக்காது.

அப்படியானால் என்ன இருந்தது? 640-ஐ ஒட்டி வந்த சீனப் பயணி யுவான் சுவாங், நகரின் சுற்றளவை முப்பது லீ என்று குறித்தார். மண்டகப்பட்டுக் குகைக்கோயிலில் மகேந்திரவர்மன் வெட்டிவைத்த கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இக்கோயிலைச் செய்ததாகப் பெருமை கொள்கிறது. அதற்கு முன் இருந்தவை எல்லாம் எதனால் ஆனவை என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. மரமும் செங்கலும் மழையில் கரைந்துபோயின. ஆனால் அந்த மரக் கட்டடங்களின் கூரை வளைவும் விட்டமும் தூணும் எப்படி இருந்தன என்பதைக் கல்லில் நகலெடுத்து வைத்தாற்போல மாமல்லபுரத்தின் ரதங்கள் நிற்கின்றன. கணினியில் பல்லவ வீதியை வரையப்போகிறவர் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அது.

இரண்டாவது இடம் காஞ்சியிலேயே இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயிலின் உட்திருச்சுற்றில் பல்லவ வம்சத்தின் கதை சிற்ப வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. முடிசூட்டு, போர், தூது, அரண்மனை, யானை, குதிரை, அரசியரின் உடை, பணிப்பெண்களின் கொண்டை என்று ஒரு முழு அரசவையே அங்கு உண்டு. இரண்டாம் நந்திவர்மன் காலத்து வேலை. சி.மீனாட்சி அதை ஆய்ந்து எழுதிய நூலை 1941-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. இன்று ஒரு படக்குழு இத்தகைய சிற்பங்களைச் சுற்றி நூற்றுக்கணக்கான புகைப்படங்கள் எடுத்தால், அவற்றை ஒப்பிட்டு முப்பரிமாண உருவமாக்கிக் கொடுக்க மென்பொருள் இருக்கிறது. கல்லில் உளி பட்ட தடம்வரை கணினிக்குள் வந்துவிடும். சிற்பத்தைத் தொட வேண்டியதில்லை, ஒரு ஆணி அடிக்க வேண்டியதில்லை. கோயில்களில் படப்பிடிப்பு நடத்தித் தூண்களில் விளக்கு கட்டிய காலத்தைவிட இது எவ்வளவோ மேல்.

‘பொன்னியின் செல்வன்’ நாவலில் ஆதித்த கரிகாலன் தன் தந்தைக்காகக் காஞ்சியில் பொன்மாளிகை எழுப்புகிறான். சோழர் மாளிகை ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. மணிரத்னத்தின் குழு 2022, 2023-இல் வந்த இரு பாகங்களுக்கும் ஓர்ச்சா, குவாலியர், மகேஷ்வர் என்று வடக்கே போய்ப் படம்பிடித்தது. தோட்டா தரணியின் அரங்கமும் கணினி வரைகலையும் சேர்ந்து அந்தக் கோட்டைகளைச் சோழநாடாக்கின. அழகான படம்தான். ஆனாலும் பல நூற்றாண்டுகள் பிந்தைய வடநாட்டுச் சுவர்களின் சாயலை முழுவதும் கழுவ முடியவில்லை. அடுத்து வருகிறவர் தமிழ்நாட்டுக் கல்லில் இருந்தே தொடங்கினால் நன்றாக இருக்கும்.

பெயர் தெரியாத கைகள்

மல்லிகைச் சரம் வைத்த கூந்தலோடு ஒரு நடிகை திரும்பிப் பார்க்கிறார். பின்னால் தெரியும் செல்போன் கோபுரத்தை நீக்கிப் பழைய வானத்தை வைக்க வேண்டும். யாரோ ஒருவர் அந்த நடிகையின் உருவத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் விளிம்பு விளிம்பாக வரைந்து பிரித்தெடுக்க வேண்டும். பறக்கும் ஒற்றை முடி, பூவின் இதழ், புடவையின் ஓரம், காதணியின் ஆட்டம் எல்லாம் தனித்தனி. ஐந்து நொடிக் காட்சி என்றால் 120 ஃபிரேம். இந்த வேலைக்குத் தொழிலில் ரோட்டோ என்று பெயர். கயிறுகளையும் ஸ்டாண்டுகளையும் படத்தில் இருந்து துடைப்பது பெயிண்ட். நிஜக் கேமரா நகர்ந்த பாதையைக் கணினிக்குள் கண்டுபிடிப்பது மேட்ச்மூவ். பிறகுதான் உருவங்களைச் செய்பவர், அசைப்பவர், ஒளி அமைப்பவர், கடைசியில் எல்லா அடுக்குகளையும் ஒரே படமாகச் சேர்க்கும் கம்பாசிட்டர்.

சென்னை, ஹைதராபாத், பெங்களூரு, மும்பை நகரங்களில் இதைச் செய்யும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தமிழ்ப் படங்களுக்கு மட்டும் இல்லை. உலகப் படங்களின் ரோட்டோவும் பெயிண்டும் பெருமளவு இந்தியாவில்தான் நடக்கின்றன. ஆஸ்கர் விருதுகளைக் குவித்த டிநெக் நிறுவனத்துக்குச் சென்னையில் கிளை உண்டு. 2024 பொங்கலுக்கு வந்த ‘அயலான்’ படத்தின் வேற்றுக்கிரகவாசியைச் செய்தது சென்னையின் ஃபேன்டம் எஃப்எக்ஸ். அந்தக் குட்டி உருவம் சிவகார்த்திகேயனோடு ஒரே ஒளியில் நின்றது நம் ஊர்ப் பிள்ளைகளின் உழைப்பு.

இந்தத் தொழிலின் ஆபத்தைச் சொல்ல ஒரு தேதி போதும். 2013 பிப்ரவரி. புதுச்சேரியில் தொடங்கும் கதையான ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்கு, கணினியில் வங்கப்புலி செய்ததற்காக ஆஸ்கர் கிடைத்தது. அந்தப் புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் விருதுக்குச் சில நாட்கள் முன்புதான் திவால் மனு போட்டிருந்தது. அதன் மும்பை, ஹைதராபாத் கிளைக் கலைஞர்களும் அந்தப் படத்தில் உழைத்தவர்கள். விழா நடந்த அரங்கத்துக்கு வெளியே நூற்றுக்கணக்கான கிராஃபிக்ஸ் கலைஞர்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். உள்ளே, விருதை வாங்கிக்கொண்டு நிறுவனத்தின் நிலையை மேடையில் சொல்ல வந்த பில் வெஸ்டன்ஹாஃபரின் பேச்சு, பின்னணி இசையால் இடைமறிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 பிப்ரவரியில் இதே தொழிலில் இருந்த டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரில் ஆயிரக்கணக்கானோர் ஓரிரு நாளில் வேலை இழந்தார்கள்.

காரணம் எளிது, கொடுமையானது. ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று நிறுவனம் முன்கூட்டியே விலை பேசிவிடுகிறது. இயக்குநர் பத்து முறை மாற்றச் சொன்னாலும் விலை மாறாது. வெளியீட்டுத் தேதியும் மாறாது. நடுவில் நசுங்குவது கலைஞரின் இரவு. காஞ்சிபுரத்துக்கு இது புதிய கதை இல்லை. கூலிக்கு நெய்யும் நெசவாளிக்குப் பாவு முதலாளியுடையது, டிசைன் முதலாளியுடையது, புடவையும் முதலாளியுடையது. கூட்டுறவுச் சங்கங்கள் வந்து பலரைக் காப்பாற்றின. அப்படியும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் என்ற உறுதி தறியில் கிடைப்பதில்லை.

ஒரு வேறுபாடு உண்டு. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டுமே உரியதாக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 1985-இல் இயற்றியது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விசைத்தறிப் புடவை அதே பெயரில் கடைக்கு வந்தால், தவறு என்று சொல்லவாவது ஓர் எழுத்து இருக்கிறது. ரோட்டோ போடும் இளைஞருக்கு அப்படி எழுதப்பட்ட எதுவும் இல்லை. அமெரிக்காவில் மார்வெல் நிறுவனத்தின் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஊழியர்கள் 2023 செப்டம்பரில் ஒரு வாக்குகூட எதிராக விழாமல் தொழிற்சங்கம் அமைத்தார்கள். அந்த வாக்கு, உலகப் படங்களுக்காகச் சென்னையில் விடிய விடிய உட்காரும் கைகளைக் கட்டுப்படுத்தாது, காப்பாற்றவும் செய்யாது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. 2024-இல் வெளியான ‘தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ படத்தில் மறைந்த விஜயகாந்தைத் திரைக்குக் கொண்டுவர அதைத்தான் பயன்படுத்தினார்கள். ரோட்டோவையும் மென்பொருள் ஓரளவு தானாகவே செய்யத் தொடங்கிவிட்டது. முதலாளிகளுக்கு மகிழ்ச்சி. ஆனால் இன்று பெரிய படங்களுக்கு மேற்பார்வை செய்கிறவர்களில் எத்தனையோ பேர் ரோட்டோ மேசையில் உட்கார்ந்துதான் ஒளியையும் விளிம்பையும் படித்தார்கள். ஒற்றை முடியை நூறு ஃபிரேமுக்குத் தொடர்ந்தவருக்குத்தான் ஜரிகை ஏன் மினுக்குகிறது என்று புரியும். அந்த மேசையை எடுத்துவிடுவதென்றால், பழகுவதற்கு வேறொரு மேசையை நிறுவனங்கள் இன்றே போட்டாக வேண்டும். பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம், திருத்தங்களுக்கு எல்லை, எல்லை தாண்டினால் கூடுதல் கூலி, படத்தின் இறுதியில் நிறுவனத்தின் பெயரோடு உழைத்தவர் அனைவரின் பெயர். இந்த நான்கையும் தயாரிப்பாளர் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட முடியும். அதற்கு எந்தப் புது மென்பொருளும் தேவையில்லை.